மூன்று பங்கு தண்ணீர்

மணலியில் மழை மூன்றாம் நாளும் விடவில்லை.
ஸ்டோர் ரூம் கதவுக்கடியில் முதலில்
யாரோ கொட்டிய டீ மாதிரிதான் வந்தது தண்ணீர்.
அரை மணியில் முட்டி. அப்புறம் இடுப்பு.
எல்லாரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட
எனக்குக் கீழ்த்தட்டு ஞாபகம் வந்தது.
லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு,
நூறு கிராம் டப்பா, அடியில் பன்னிரண்டு மிச்சம்.
தண்ணீரைக் கண்டால் எரியும் சாமான்.
ஊரே தண்ணீரில் கிடந்தது.

"குடு மேடம், நான் தூக்கினு வரேன்" என்றான் தேசப்பன்.
சட்டை முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு.
"நீ டார்ச்சை மட்டும் பிடி."
ஒரு பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு,
தலைக்குமேல் உயர்த்தி,
பெருவிரலால் படியைத் தேடி நடந்தேன்.
மிதந்து வந்த ஒற்றைச் செருப்பு என்னை இடித்துவிட்டு
வேறு வேலை இருப்பதுபோல் போனது.

பதினோரு நாள் கழித்துக் கரண்ட்.
தூக்கிப் போட வேண்டாம், தீர்த்துவிடுங்கள் என்றார் மேனேஜர்.

வழக்கமாக எங்கள் கீட்டோனுக்குச்
சோடியம் போரோஹைட்ரைடே போதும்.
வெள்ளைத் தூள், பொறுமைசாலி,
மெத்தனாலில் குமிழி விட்டுக்கொண்டே சொன்ன வேலையைச் செய்யும்.
இதற்கோ ஈரக் காற்றே ஆகாது.
இங்கே காற்றெல்லாம் எண்ணூர்க் கடல்.
கொடித்துணி நாலு நாளாய்க் காயாத ஊரில்
குடுவையை இரவெல்லாம் ஓவனில் சுட்டேன்,
நைட்ரஜன் பலூன் கட்டினேன்
(பார்த்தால் யாருக்கோ பிறந்தநாள்),
டி.ஹெச்.எஃப்பைச் சோடியத்தோடு கொதிக்கவிட்டேன்.
ஈரம் முழுக்கப் போனால் நீலமாகும்.
அந்த நீலத்தைத் தருவதும் ஒரு கீட்டோன்தான், பென்சோபீனோன்.
பின்னால் வரும் சொந்தக்காரனுக்கு
வழி காய்ந்திருக்கிறதென்று சாட்சி சொல்லும்.

ஐஸ் மெஷின் வெள்ளத்தில் செத்துப்போயிருந்தது.
காசிமேட்டிலிருந்து சாக்கில் கட்டி வந்தான் தேசப்பன்.
உடைத்த கட்டியொன்றில் கொடுவாச் செதில்,
கண்ணாடிக்குள் வைத்த நகம்போல.
குடுவைக்கு வெளியேதானே, இருக்கட்டும்.

ஃபேனை நிறுத்தினேன். மணல் வாளியை இழுத்துக்கொண்டேன்,
அதில் யாரோ அணைத்த பீடித்துண்டு இரண்டு.
சாம்பல் தூளைச் சிட்டிகை சிட்டிகையாய்ப் போட்டேன்.
கீட்டோனைச் சொட்டுச் சொட்டாய்.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ஒடுக்கம்.
வியாசர்பாடிப் பள்ளியில் அதைப் படித்தபோது
கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்: "யாரை?"
டீச்சர் சிரிக்கவில்லை.
உண்மையில் நடப்பது கொடுப்பது.
கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன் இப்போது.
ஆக்சிஜனுக்கு இன்னொன்று, கடைசியில்.
அதைத் தரப்போவது தண்ணீர்.

புற ஊதா விளக்கடியில் தட்டைப் பிடித்தேன்.
பழைய புள்ளி இல்லை.
அதற்குக் கீழே புதிதாய் ஒன்று.

மிச்சமிருக்கும் ஹைட்ரைடை இனி அடக்க வேண்டும்.
கிராமுக்கு ஒரு மில்லி தண்ணீர்,
ஒரு மில்லி காரம்,
பிறகு மூன்று பங்கு தண்ணீர்.
கணக்கு இவ்வளவுதான். அவசரப்பட்டவர்கள்
புருவம் இல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

முதல் சொட்டு. சீறியது.
இரண்டாவது. காத்திருந்தேன்.
மூன்றாவது.
இடுப்பளவு வந்து மிரட்டிய அதே தண்ணீரை
ஊசிமுனையில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
எர்ணாவூரில் என் வீட்டுச் சுவரில்
இன்னும் எண்ணெய்க் கோடு இருக்கிறது.
மகளின் விலங்கியல் ரெகார்டு நோட்டு
அயர்ன் பாக்ஸில் தேய்த்தும் அலையலையாய்.
இரண்டு மணி நேரம் ஆனது கடைசி மில்லிக்கு.
சாம்பல் போய்க் குடுவைக்கடியில் வெள்ளை மணல்.

"ஆல்கஹால் வந்துட்சா மேடம்?"
"வந்துட்சு. குடிக்கறது இல்ல, மாத்திரைக்குப் போறது."
"எந்த வியாதிக்கு?"
"சொல்ல மாட்டாங்க நம்மகிட்ட."

ஐஸ் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டினேன்.
மீன் வாசனைக்கு ஒரு பூனை வந்தது.
மோந்தது, ஏமாந்தது,
கால் நனையாத இடமாய்ப் பார்த்து
உட்கார்ந்தது.